பந்தலும் சோளகமும்

எமது ஊரிலே பந்தல் இல்லாத நன்மையும் இல்லை, தின்மையும் இல்லை. மங்கல காரியமாயின் நாள் பார்த்துக் கன்னிக்கால் ஊன்றிப் பந்தலிடுகின்றோம். துக்க வீடாயின், செய்தி காதில் விழுந்த சிறிது நேரத்துள் அயலவர் கூடி முற்றத்தில் நிழல் அமைத்துவிடுகின்றனர். பூப்புனித நீராட்டு, ஆண்டுத் திவசம், கோயில் அன்னதானம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று எதை எடுத்துக்கொண்டாலும், முதலில் எழும்புவது பந்தல். இறுதியில் இறங்குவதும் பந்தலே. ஆதலால், அதனைப் பற்றி எழுதப் புகுவது சிறிய பொருளைப் பற்றி எழுதப் புகுவதாகாது.

பந்தலை எவ்வாறு அலங்கரிக்க வேண்டும் என்பதை அறிந்தோர் எம்மிடையே பலர். வாழை எங்கே கட்டுவது, தோரணம் எத்தனை முழம், விளக்கு எந்த நிறம் என்பவற்றில் ஆளுக்கொரு கருத்து உண்டு. ஆனால், பந்தலை எப்போது இறக்க வேண்டும் என்பதைச் சிந்திப்போர் மிகச் சிலரே. அச்சிலருள் நாமும் ஒருவராக இருந்ததில்லை. 2018ஆம் ஆண்டு ஆனி மாதத்து மாலைப்பொழுது ஒன்று அப்பாடத்தை எமக்குக் கற்பித்தது. வகுப்பறையில் இருபது ஆண்டுகளாகப் பிறருக்குப் பாடஞ் சொல்லி வருகின்ற நாம், அன்று கற்றதை மறைக்காது இங்கே கூற விரும்புகின்றோம்.

அச்சுவேலியிலே வாழ்வோருக்குக் காற்றை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் வீதியிலே எமது பகுதியைக் கடந்தால் வல்லைவெளி வந்துவிடும். மரமோ மதிலோ மறைப்பாக நில்லாத அந்த நீண்ட வெளியிலே, துவிச்சக்கர வண்டியை எதிர்காற்றில் மிதித்து வேலைக்குச் சென்றவர்களும், மிதிக்க மாட்டாது இறங்கி உருட்டியவர்களும் எமது ஊரில் எத்தனை பேர்! சிறு வயதிலே தந்தையாரின் வண்டிப் பாரில் அமர்ந்து அவ்வெளியைக் கடக்கும்போது, அவர் மூச்சு வாங்கும் ஒலியைக் கொண்டே காற்றின் வலுவை நாம் அளந்ததுண்டு.

காற்றுக்கு எமது முன்னோர் திசை பார்த்துப் பெயரிட்டனர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தென்மேற்குப் பருவத்தில் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையில் ஓயாது வீசுவது சோளகம். மார்கழி, தை மாதங்களிலே வாடை பட்டத்தை ஏற்றுகின்றது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே விதவிதமான பட்டங்கள் வானில் நின்று விண் கூவுவதைக் காண ஊர்கள் திரளுகின்றன. அங்கே வானத்தில் நிற்கும் பட்டத்துக்கும் எமது முற்றத்தில் நிற்கும் படங்குப் பந்தலுக்கும் காற்றைப் பொறுத்த வரையில் வேற்றுமை மிகச் சிறிது என்பதை அந்நாளில் நாம் உணர்ந்தோமில்லை. ஒன்று பறப்பதற்கென்றே கட்டப்பட்டது. மற்றையது பறக்கக் கூடாதென்று கட்டப்பட்டது. காற்றோ அக்கருத்தை விசாரித்துக்கொண்டு வீசுவதில்லை.

எமது பாட்டனார் காலத்துப் பந்தல் கிடுகினால் வேயப்பட்டது. அலவாங்கினால் ஒரு முழத்துக்கு மேல் ஆழமாகக் குழி தோண்டி, மரக்கால்களை நட்டு, மண்ணிட்டு இடித்து இறுக்குவர். எமது செம்மண்ணின் கீழே சில இடங்களில் விரைவிலேயே சுண்ணக்கல் தட்டுப்படும். கல் தட்டிய இடத்தைக் கைவிட்டு அடுத்த இடத்தில் மறுபடியும் தோண்டுவார்களேயன்றி, ஆழம் குறைந்த குழியில் காலை நட்டு ஒப்பேற்ற மாட்டார்கள். மேலே கிடுகைப் பரப்பிக் கட்டுவர். கிடுகின் இடுக்குகளினூடே காற்று ஓரளவு ஊடுருவிப் போகும். மிகுந்த காற்றடித்தால் நாலு கிடுகு கழன்று விழும். விழுந்தாலும் எவர் தலையும் உடையாது. அந்தப் பந்தல் காற்றோடு மல்லுக்கு நில்லாது அதற்குப் போக வழி விட்டது.

படங்கு, தறப்பாள் என்று நாம் கூறும் விரிப்பு அத்தகையதன்று. மழையைத் தடுப்பதற்காகவே இடுக்கின்றி நெய்து பூசப்பட்டது அது. மழைத்துளியை உள்ளே விடாத விரிப்புக் காற்றையும் வெளியே விடாது. இதனை எமக்கு முதன்முதலிற் காட்டியவர் எமது தந்தையார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களை விட்டுப் பெயர்ந்தபோது எமக்கு வயது பதினான்கு. தென்மராட்சியிலே உறவினர் ஒருவரின் தென்னந்தோப்பில், ஒரே ஒரு நீலப் படங்கின் கீழ், இரண்டு குடும்பங்களாக எட்டுப் பேர் தங்கினோம். மாரி தொடங்கிவிட்டது. முதல் நாள் இரவு, பக்கத்துக் குடும்பத்தவர் உயரமாக, காற்றோட்டமாக, நிமிர்ந்து நடக்கத் தக்கதாகக் கட்டிய படங்கைக் கண்டு, எமது தந்தையார் கட்டியது இடுப்பளவு தாழ்ந்திருக்கின்றதே என்று நாம் குறைபட்டுக்கொண்டோம். தந்தையார் ஒன்றும் கூறாது, காற்று வரும் பக்கத்து ஓரத்தை நிலத்தோடு சேர்த்து இறக்கி, மறுபக்கத்தைச் சிறிது உயர்த்தி, கயிறுகளைச் சாய்வாக இழுத்து முளைகளில் கட்டினார். ஒவ்வொரு முடிச்சையும் ஒரு முனையை இழுத்தால் முழுவதும் உருவி வந்துவிடும்படி போட்டார். அவிழ்ந்துவிடாதோ என்று கேட்டோம்.

“தம்பி, முடிச்சைப் போடேக்கை அவிழ்க்கப் போற கையையும் நினைக்க வேணும். இருட்டுக்கை, மழைக்கை, நகத்தாலை கிள்ளிக்கொண்டு நிக்க ஏலாது” என்றார்.

நள்ளிரவில் வாடை எழுந்தது. பக்கத்துப் படங்கு இரு முறை உப்பி, மூன்றாம் முறை கிழிந்து தென்னை வட்டிற் போய்ச் சிக்கிக்கொண்டது. அக்குடும்பத்துக் குழந்தைகளும் அவ்விரவில் எமது தாழ்ந்த கூரையின் கீழ் வந்து சேர்ந்தனர். 1996இல் ஊர் திரும்பி, வீட்டைத் திருத்தி, படித்து, பட்டம் பெற்று, ஆசிரியத் தொழிலில் அமர்ந்த பின்னர் அந்த இரவும் அந்த முடிச்சும் எமது நினைவில் எங்கோ அடியிற் போய்விட்டன.

2018 ஆனியிலே எமது தங்கையின் திருமணம் நிச்சயமாயிற்று. தந்தையார் மறைந்துவிட்டமையால் மூத்த ஆண்மகன் என்ற முறையில் காரியங்கள் யாவும் எமது பொறுப்பில் இருந்தன. வீட்டின் பின்புறத்திலே சமையலுக்கெனக் கிடுகுப் பந்தலொன்று இடுவித்தோம். ஊரில் நீண்ட காலமாகப் பந்தற் கட்டும் முதியவர் ஒருவர் அதைக் கட்டினார். முன்முற்றத்துக்கு மட்டும் கிடுகு அழகாக இராது என்று எண்ணி, இருபதடிச் சதுரமான வெள்ளைக் கூடாரமொன்றை வாடகைக்கு எடுத்தோம். இரும்புக் குழாய்க் கால்கள் நான்கு. மேலே பளபளக்கும் விரிப்பு. முற்றம் சீமெந்து பூசப்பட்டதாதலால் குழி தோண்ட மனம் வரவில்லை. ஒவ்வொரு காலுக்கும் ஒரு வாளி மண்ணைக் கட்டிவைத்தார்கள். ‘போதுமா?’ என்று நாம் கேட்டோமில்லை. பின்புறம் வீட்டுச் சுவர். இரு பக்கமும் அலங்காரத் திரை. தெற்கு நோக்கிய முன்புறம் மட்டும் திறந்த வாய். சோளகம் வரும் திசைக்கு எதிரே ஒரு பையை விரித்துப் பிடித்தாற் போன்ற அமைப்பு அது என்பது இன்றைக்குத் தெரிகின்றது.

திருமணத்துக்கு முதல் நாள், பிற்பகல் மூன்று மணியளவில் வேலியோரத்துப் பூவரசுகள் முழுவதுமாக அசையத் தொடங்கின. ஒழுங்கையிலே புழுதி எழுந்தது. முதியவர் முன்முற்றத்துக்கு வந்து மேலே பார்த்தார்.

“மாஸ்டர், காத்தின்ரை போக்குச் சரியில்லை. இந்த முன்படங்கை இப்ப இறக்கி வைச்சிட்டு விடியப் போடுவம்” என்றார்.

“மாப்பிள்ளை பகுதியிலை இருந்து ஆக்கள் வரப்போகினமண்ணை. வெறும் கம்பியைப் பாத்தால் என்ன நினைப்பினம்?” என்றோம்.

“நினைக்கிறவை நினைக்கட்டும் மாஸ்டர். நான் சொல்லிப்போட்டன்” என்று கூறி, அவர் தம் கிடுகுப் பந்தலின் கட்டுகளைப் பார்க்கப் பின்புறம் சென்றார். நாமோ மின்விளக்குச் சரங்களை ஏற்றிப் பார்ப்பதில் ஈடுபட்டோம்.

நாலரை மணிக்கு ஒரு காற்று வந்தது. அதற்கு முன்பு வந்தவற்றைவிட அது நீண்டது என்பதைத் தவிர வேறென்ன சொல்வது? விரிப்பு உப்பியது. ஒரு வாளி சரிந்து மண் கொட்டியது. முன்கால்கள் இரண்டும் நிலத்தை விட்டு எழுந்தன. அவ்வேளையில் எமது வாயிலிருந்து வந்த சொல் இன்றும் எமது செவியில் நிற்கின்றது. “பிடியுங்கோ! பிடியுங்கோ!” என்று நாம் உரக்கக் கத்தினோம். பந்தலில் நின்ற ஆடவர் நால்வர் ஓடிப்போய்ப் பிடித்தனர். எமது தமக்கையாரின் மகன், பன்னிரண்டு வயதுப் பாலகன், அவனும் ஓடிப்போய் ஒரு காலைப் பற்றினான். அடுத்த கணம் காற்று இன்னும் வலுத்தது. பெரியவர்கள் நால்வரும் கையை விட்டனர். பாலகன் விடவில்லை. கூடாரம் அவனையும் ஓராள் உயரத்துக்குத் தூக்கி, வீட்டுப் படிக்கட்டின் மேல் எறிந்துவிட்டு, மதிலைத் தாண்டிப் போய் விழுந்தது.

அவனது இடக்கை முழங்கைக்கு அருகே இரண்டு இடங்களில் முறிந்திருந்தது. தலை கல்லில் மோதாதது இறைவன் அருளேயன்றி எமது சாமர்த்தியம் அன்று. மருத்துவமனையிலே, கைக்கு மரச்சட்டம் வைத்துக் கட்டியிருந்த நிலையில், அவன் எம்மைப் பார்த்து மெல்லிய குரலில் கூறினான்: “மாமா, நீங்கள் பிடிக்கச் சொன்னனீங்கள். நான் விடேல்லை.”

தமக்கையார் எம்மை ஒரு வார்த்தையும் கேட்டிலர். மறுநாள் திருமணம் குறித்த முகூர்த்தத்தில் கோயில் மண்டபத்திலே நடந்தேறியது. மாப்பிள்ளை வீட்டார் பந்தலைப் பற்றி ஏதும் நினைத்ததாக இன்று வரையில் நாம் அறியோம். யார் என்ன நினைப்பார்களோ என்று நாம் அஞ்சினோமோ, அவர்கள் அனைவரும் அன்றிரவு மருத்துவமனை வாயிலில் எம்முடன் நின்றார்கள்.

அதன்பின் பல இரவுகள், கணிதம் கற்ற ஒருவன் முன்னரே செய்திருக்க வேண்டிய கணக்கை நாம் பின்னர் செய்து பார்த்தோம். மாணவர்களும் செய்து பார்க்கலாம். காற்றின் அமுக்கம் அதன் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகின்றது. வேகம் இரு மடங்கானால் அமுக்கம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காற்று, தனக்கு நேரே எதிர்ப்படும் ஒரு சதுர மீற்றர் பரப்பின்மேல் ஏறத்தாழ 6 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசையைச் செலுத்தும். இருபதடிச் சதுர விரிப்பின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர மீற்றர். ஆகவே மொத்தம் இருநூற்றிருபது கிலோவுக்கு மேல். அதே காற்று 72 கிலோமீற்றர் வேகத்தை எட்டுமாயின், பாரம் தொளாயிரம் கிலோவை அணுகும். விரிப்பின் சரிவுக்கும் அமைப்புக்கும் ஏற்ப இத்தொகை கூடலாம்; குறையலாம். எனினும் நான்கு வாளி மண் எம்மாத்திரம்! நான்கு ஆடவர் எம்மாத்திரம்! பன்னிரண்டு வயதுப் பாலகன் எம்மாத்திரம்!

வேகத்தை அளக்கக் கருவி வேண்டும் என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. 1805ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் போபோர்ட் என்னும் பிரித்தானியக் கடற்படை அதிகாரி காற்றின் வலுவைப் படிகளாக வகுத்தார். பின்வந்தோர் அப்படிகளைத் தரையில் உள்ளோரும் கண்ணால் அறியத்தக்க அடையாளங்களோடு இணைத்தனர். புழுதியும் கடதாசியும் எழுந்து பறந்து, சிறு கிளைகள் அசையுமாயின் நான்காம் படி. வேகம் மணிக்கு 20 முதல் 28 கிலோமீற்றர். இலை நிறைந்த சிறு மரங்கள் முழுவதுமாக ஆடத் தொடங்குமாயின் ஐந்தாம் படி. வேகம் 29 முதல் 38. பெருங் கிளைகள் அசைந்து, கம்பிகளிற் காற்று ஊதி, குடை பிடிப்பது கடினமாகுமாயின் ஆறாம் படி; வேகம் 39 முதல் 49. எமது வேலிப் பூவரசுகள் அன்று மூன்று மணிக்கே ஐந்தாம் படியைக் காட்டின. போபோர்ட்டின் பெயரை அறியாத முதியவர் அதைப் படித்தார். பெயரை அறிந்த நாம் படித்தோமில்லை.

எனவே, நாம் இப்போது கைக்கொள்ளும் முறைகளை இங்கே எடுத்துரைப்பது பொருந்தும். முதலாவது, பந்தலுக்கு முன் திசை பார்த்தல். சோளகக் காலமாயின் தென்மேற்கும், வாடைக் காலமாயின் வடகிழக்கும் காற்று வரும் பக்கம் எனக் கொண்டு, அப்பக்கத்து ஓரத்தைத் தாழ்த்த வேண்டும். பக்கத் திரை கட்டுவதாயின், காற்று நுழையும் வாயைத் திறந்துவைத்து எதிர்ப்புறத்தை அடைக்கக் கூடாது. நுழைந்த காற்று வெளியேற வழி காணாவிடின் மேலேதான் தள்ளும். சுவரை ஒட்டிய பந்தலுக்கு இது இன்னும் பொருந்தும்.

இரண்டாவது, காலைவிடக் கயிற்றை நம்புதல். நிமிர்ந்து நிற்கும் கால் பந்தலைத் தாங்கும். சாய்ந்து இழுக்கும் கயிறே அதனைப் பறவாமற் காக்கும். கயிறு நிலத்தோடு பாதிச் செங்கோண அளவில் சாய்ந்திருக்க, முளையின் தலை பந்தலுக்கு அப்பாற் சாய்ந்திருக்க, ஆழமாக அடிக்க வேண்டும். மழை பெய்து மண் இளகினால் முளைகளை மறுபடி பார்க்க வேண்டும். சீமெந்து முற்றமாயின் வாளியும் கதிரையும் பயன்படா. முற்றத்துக்கு வெளியே மண்ணிற் கயிற்றைக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். இருபது லீற்றர் தண்ணீர்க் கலன் இருபது கிலோ மட்டுமே என்பதை மேற்சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும்.

மூன்றாவது, மழைநீர் தேங்க விடாமை. காற்றோடு மழையும் வருமாயின், தொய்ந்த விரிப்பில் நீர் சேரும். ஒரு மீற்றர் நீள அகலமும் பத்துச் சதமமீற்றர் ஆழமும் உள்ள சிறு பள்ளத்தில் தேங்கும் நீர் நூறு கிலோ நிறையாகும். ஆகவே ஒரு மூலையைத் தாழ்த்தி நீர் வடிய வழி செய்தல் வேண்டும். நான்காவது, மின்சாரம். இரும்புக் காலைச் சுற்றி விளக்குக் கம்பியைக் கொண்டுசெல்லக் கூடாது. காற்று எழுந்ததும் முதலில் பந்தல் விளக்குகளின் மின்னோட்டத்தை நிறுத்திவிட வேண்டும். ஐந்தாவது, தந்தையார் காட்டிய உருவு முடிச்சு. காற்றில் எந்தக் கட்டையும் வெட்டாமல், ஒரே இழுப்பில் அவிழ்க்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

இவையனைத்திலும் மேலானது ஒன்று உண்டு. பந்தல் எழும்பிவிட்டால் அதனைப் பிடிக்கலாகாது. ஆட்களை, குறிப்பாகச் சிறுவரையும் முதியவரையும், அதன் கீழிருந்தும் அது போகும் பக்கத்திலிருந்தும் அகற்றிவிட்டு, அது போகுமிடம் போக விடுதலே முறை. வாடகைப் பொருள் கிழிந்தால் காசு கொடுக்கலாம். கை முறிந்தால் என்ன கொடுப்பது?

இது எமது முற்றத்தில் மட்டும் நேர்ந்த தவறு என்று எவரும் எண்ணவேண்டா. 2019ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள், இந்தியாவின் இராசத்தான் மாநிலத்து பார்மேர் மாவட்டத்திலே, யசோல் என்னும் ஊரில் இராமகதை கேட்கக் கூடியிருந்த மக்கள்மேல், திடீரெனச் சுழன்றடித்த காற்றிலும் மழையிலும் பெரும் பந்தல் சரிந்தது. 14 பேர் உயிரிழந்தனர். 2021ஆம் ஆண்டு திசெம்பர் 16ஆம் நாள், அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவிலே டெவன்போட் நகரத்துப் பாடசாலையொன்றில், ஆண்டிறுதிக் கொண்டாட்டத்தின்போது சிறுவர் குதித்து விளையாடும் காற்றடைத்த கோட்டையைக் காற்றுத் தூக்கியது. ஆறு பிள்ளைகள் மாண்டனர். கதை கேட்க வந்தவர்களும் விளையாட வந்தவர்களும் ஆபத்தைத் தேடி வந்தவர்களல்லர். மகிழ்ச்சிக்கென அமைத்த இடத்திலே காற்றை நினைக்க எவருக்கும் மனம் வருவதில்லை.

அதே ஆண்டுகளில், கனடாவிலிருந்து வந்த எமது மாமனார் முறையான உறவினர் ஒருவர் கூறிய செய்தி எம்மைச் சிந்திக்கச் செய்தது. அங்கே கோடை விடுமுறையிலே படுக்கையும் அடுப்பும் அமைந்த வீட்டு வண்டிகளிற் குடும்பத்தோடு செல்லும் வழக்கம் உண்டு. வண்டியின் பக்கத்திலே பாய்போற் சுருட்டி வைத்த படங்கு ஒன்று இருக்கும். நிறுத்திய இடத்தில் அதனை விரித்து அதன் கீழ் அமர்ந்து உண்பர். “வெளியிலை போனாலும் சரி, படுக்கப் போனாலும் சரி, அதைச் சுருட்டிப்போட்டுத்தான் போவம் தம்பி. காத்து வந்தாப்பிறகு சுருட்டுவம் எண்டிருந்தால் வண்டியின்ரை பக்கத்தையும் பிடுங்கிக்கொண்டு போயிடும்” என்றார் அவர். ஆளில்லாத படங்கு விரிந்திருக்கக் கூடாது என்பது அங்குள்ளோர் கொள்ளும் விதி. அவ்விதியை நாம் இங்கே ஒரு முதியவரின் வாயிலாக முன்பே கேட்டிருந்தோம்.

எமது அயலூராகிய வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரையிற் சென்றது. எமது பகுதியினர் பெருமையோடு பேசுவது அப்பாய் விரிந்ததைப் பற்றியே. ஆயினும், காற்று மிஞ்சும்போது பாயைச் சுருக்க அறியாத மாலுமிகள் அத்துணைத் தூரம் சென்றிருத்தல் இயலுமா? விரிக்கத் தெரிந்தவன் மாலுமியாகலாம். சுருக்கத் தெரிந்தவனே கரை சேர்கின்றான்.

சுருக்குவதில் உள்ள கடினம் கையில் இல்லை, முகத்தில் உள்ளது. அன்று அந்தப் படங்கை இறக்க நால்வருக்குப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. எம்மைத் தடுத்தது நேரமின்மையன்று. மாப்பிள்ளை வீட்டார் வெறுங் கம்பியைக் காண்பார்களே என்ற நாணம். ஆகையால், எந்தக் காரியத்திலும் பந்தல் போடுமுன்பே, ‘இறக்கு’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும் என்பது எமது கருத்து. அவர் வீட்டுக்காரராக இல்லாதிருத்தல் நன்று. வீட்டுக்காரருக்கு விருந்தினர் முகம் தெரியும், வானம் தெரியாது.

சென்ற தை மாதத்திலே எமது கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. ஒவ்வோர் இல்லத்து மாணவரும் தத்தம் கூடாரத்தை இரவிரவாக அலங்கரித்திருந்தனர். அதற்குப் புள்ளிகள் உண்டு. எமது பொறுப்பிலுள்ள இல்லத்தவர் தட்டிகளும் படங்கும் கொண்டு கோபுரம் போன்ற முகப்பொன்றை எழுப்பியிருந்தனர். அழகில் குறை சொல்வதற்கில்லை. நடுவர்கள் கூடாரங்களைப் பார்வையிடுவதற்கு அரைமணி நேரம் இருக்கையில், மைதானத்து ஓரத்திலுள்ள வேம்புகள் முழுவதுமாக ஆடத் தொடங்கின. தடகளத்துச் சுண்ணாம்புக் கோட்டின்மேற் புழுதி எழுந்தது.

நாம் எழுந்து சென்று, முகப்பை இறக்கி, படங்கைச் சுருட்டும்படி கூறினோம். மாணவர் முகங்கள் வாடின. “இன்னும் அரை மணித்தியாலம்தானே சேர், நாங்கள் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம்” என்றான் தலைவனாகிய மாணவன்.

“பிடிக்க வேண்டாம்” என்றோம். எமது குரல் நாம் எண்ணியதைவிடக் கடுமையாக ஒலித்திருக்க வேண்டும். அவர்கள் மறுபேச்சின்றி முடிச்சுகளை இழுத்தனர். உருவு முடிச்சுகளாதலால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

பெருங் காற்று வரவில்லை. வேம்புகள் கால்மணி நேரம் ஆடி ஓய்ந்தன. மற்றை இல்லங்களின் கூடாரங்கள் நின்றவாறே நின்றன. அலங்காரத்துக்குரிய புள்ளிகளில் எமது இல்லம் கடைசியாயிற்று. பரிசளிப்பு முடிந்தபின், தலைவனாகிய மாணவன் எம்மிடம் வந்து, மரியாதை குன்றாமல், ஆனால் மனத்தாங்கலோடு, “காத்து வரேல்லையே சேர்” என்றான்.

அன்று மைதானத்துக்கு எமது மருமகனும் வந்திருந்தான். இப்போது அவன் பல்கலைக்கழகம் புகக் காத்திருக்கும் இளைஞன். முறிந்த இடக்கை முழுவதுமாக நிமிர்வதில்லை; துவிச்சக்கர வண்டியின் கைபிடியைப் பற்றும்போது அது சற்றே வளைந்து நிற்கும். எமக்கு முன்பே அவன் அம்மாணவனுக்கு விடை கூறிவிட்டான்.

“வரேல்லைத்தானே தம்பி, அப்ப நல்லது” என்று கூறியபடியே, சுருட்டி வைத்த படங்கின் ஒரு முனையை வலக்கையால் தூக்கினான். மறுமுனையை மாணவன் தூக்கினான். இருவருமாக அதைக் களஞ்சிய அறைக்குக் கொண்டு சென்றனர்.